ப்ரீ-மேஜரிலிருந்து மேஜருக்கு: உளவியல், நரம்பறிவியல் மாணவர்களின் கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உளவியலும் நரம்பறிவியலும் படிக்கச் சென்றவர்களிடமிருந்தும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் அனுமதிக் கடிதத்தில் ‘சைக்காலஜி’ என்று இல்லாமல் ‘ப்ரீ-சைக்காலஜி’ என்று இருக்கிறது. கேட்ட படிப்பு கிடைக்கவில்லை என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்கிறார் உறவினர் ஒருவர். அது உண்மையா?

பதில்: பல்கலைக்கழகத்தில் உங்கள் மகனுக்கு இடம் உறுதி, உளவியல் துறையில்தான் இன்னும் உறுதியாகவில்லை. அமெரிக்காவில் பெரும்பாலும் முதலில் பல்கலைக்கழகத்திலோ அதன் கல்லூரி ஒன்றிலோ சேர்த்துக்கொள்கிறார்கள். எந்தப் பாடத்தில் பட்டம் பெறப்போகிறோம் என்பதை, அதாவது மேஜரை, இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அறிவித்தால் போதும். ஆனால் உளவியல் போலக் கூட்டம் மிகுந்த துறைகள் சில பல்கலைக்கழகங்களில் இடையே ஒரு படி வைத்திருக்கின்றன. துறை குறிப்பிடும் அடிப்படைப் பாடங்களை உரிய மதிப்பெண்ணோடு முடிக்கும்வரை மாணவர் ப்ரீ-மேஜர். முடித்து விண்ணப்பித்த பின்னரே அவர் மேஜர். மேல்நிலைப் பாடங்கள் பலவற்றில் மேஜர் மாணவர்களுக்கே முதலிடம் என்பதால், இந்தப் படியில் தாமதமானால் பட்டம் பெறும் காலமும் நீள வாய்ப்புண்டு.

நீங்கள் துறையிடம் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. சில துறைகளில், குறித்த நிபந்தனைகளை நிறைவுசெய்த அனைவரும் மேஜராக ஏற்கப்படுவார்கள். வேறு சில துறைகளில் இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. குறைந்தபட்சத் தகுதியை எட்டியவர்களிலிருந்தும் ஒரு பகுதியினரையே எடுப்பார்கள். முதல் வகையில் அறிவிக்கப்பட்ட ஜிபிஏவை, அதாவது மதிப்பெண் சராசரியை, எட்டினால் போதும். இரண்டாம் வகையில் அந்த எண் விண்ணப்பிக்கும் தகுதியைத்தான் தரும். உங்கள் மகன் சேரும் துறை எந்த வகை என்பதை, வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் பெற்றுக்கொள்வது நல்லது.

கேள்வி: மனித மனத்தைப் படிக்க வந்த நான் எதற்காகப் புள்ளியியலும் வேதியியலும் கால்குலஸும் படிக்க வேண்டும்? மாணவர்களைக் கழித்துவிடுவதற்கென்றே இந்தப் பாடங்களை வைத்திருக்கிறார்களா?

பதில்: கழிக்கும் வேலையையும் இந்தப் பாடங்கள் செய்கின்றன என்பதை மறுக்க முடியாது. நூற்றுக்கணக்கானோர் அமரும் முதலாண்டு வகுப்பு, வீட்டைவிட்டு முதன்முறையாகப் பிரிந்து வந்த ஒருவருடைய முதல் சில மாதங்களை வைத்து அவருடைய துறையையே தீர்மானிப்பது நியாயமான ஏற்பாடுதானா என்ற ஐயம் எனக்கும் உண்டு. ஆனால் பாடங்களின் தேர்வில் குறை காண முடியாது.

புள்ளியியலை எடுத்துக்கொள்ளுங்கள். உளவியல் ஆய்விதழ்களில் வெளியான 100 ஆய்வுகளை மீண்டும் செய்துபார்த்த ஆராய்ச்சியாளர் கூட்டமைப்பு ஒன்று, 2015-இல் தன் முடிவுகளை வெளியிட்டது. மூல ஆய்வுகளில் ஏறத்தாழ எல்லாமே புள்ளியியல் அளவில் குறிப்பிடத்தக்க முடிவைத் தந்திருந்தன. மறுமுறை செய்தபோது ஏறக்குறைய 36 விழுக்காட்டு ஆய்வுகளே அத்தகைய முடிவைத் தந்தன. இத்துறை அதற்குப் பின் தன் ஆய்வுமுறைகளையே திருத்திக்கொள்ள நேர்ந்தது. ஓர் ஆய்வின் மாதிரி எவ்வளவு பெரியது, கிடைத்த வேறுபாடு தற்செயலானதா என்று கேட்கத் தெரியாதவர், பாடநூலில் உள்ள எந்த முடிவை நம்புவது, எதை ஐயத்தோடு படிப்பது என்று பிரித்தறிய முடியாது.

நரம்பறிவியலில் வேதியியலின் தேவை இன்னும் வெளிப்படையானது. ஓய்வு நிலையில் ஒரு நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மறையாக இருக்கிறது. சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதும் பொட்டாசியம் அயனிகள் வெளியேறுவதுமே நரம்புச் சைகையாகிறது. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இருவர் கணவாயின் தடித்த நரம்பிழையில் இதை அளந்து, 1952-இல் வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதினார்கள். 1963-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். கால்குலஸ் எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு அந்தச் சமன்பாடுகளே விடை.

பொதுவாக, உளவியல் மேஜருக்கு அறிமுக உளவியல், புள்ளியியல், ஆய்வுமுறை ஆகியவையும் ஓரிரு அறிவியல் பாடங்களும் கேட்கப்படும். நரம்பறிவியல் மேஜரில் உயிரியல், வேதியியல், கால்குலஸ், சில இடங்களில் இயற்பியல் என்று சுமை கூடும். இரண்டில் எது என்று முடிவெடுக்காதவர்கள் முதலாண்டில் நரம்பறிவியல் பட்டியலைப் பின்பற்றலாம். அங்கிருந்து உளவியலுக்கு வருவது எளிது, எதிர்த்திசையில் போக ஓராண்டு கூடுதலாகத் தேவைப்படலாம். பட்டத்தின் பெயரே வாழ்நாள் முழுவதற்குமான எல்லை என்றும் எண்ண வேண்டாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், இழந்த கையில் தோன்றும் வலியைக் கண்ணாடிப் பெட்டி கொண்டு ஆராய்ந்தபோது, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் உளவியல் துறைப் பேராசிரியராகத்தான் இருந்தார்.

கேள்வி: முதல் செமஸ்டரில் அறிமுக உளவியலில் ஏ, உயிரியலில் பி, புள்ளியியலில் சி மைனஸ் வாங்கியிருக்கிறேன். துறை கேட்கும் ஜிபிஏ 2.5. என் சராசரி அதற்கு மேல் இருப்பதால் கவலையில்லை என்கிறார்கள் நண்பர்கள். நான் நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இருக்க முடியாது. மூன்றும் 4 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) பாடங்கள் என்று வைத்துக்கொண்டால், ஏக்கு 4.0, பிக்கு 3.0, சி மைனஸுக்கு 1.7, கூட்டினால் 8.7, மூன்றால் வகுத்தால் 2.9. சராசரி நன்றாகவே இருக்கிறது. ஆனால் பெரும்பாலான துறைகள் சராசரியோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொரு அடிப்படைப் பாடத்திலும் தனித்தனியாகக் குறைந்தது சி பெற்றிருக்க வேண்டும் என்ற விதியும் அதனருகிலேயே இருக்கும். சி மைனஸ் அந்த விதியை நிறைவுசெய்யாது. ஜிபிஏ என்ற ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்து, இந்த இரண்டாம் விதியைக் கடைசி நேரத்தில் கண்டு திகைப்பவர்கள் ஏராளம்.

இனிச் செய்ய வேண்டியது, அந்தப் பாடத்தை மீண்டும் எடுக்க அனுமதி உண்டா என்று பார்ப்பது. இதில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி மாறுகிறது. டி அல்லது எஃப் பெற்ற பாடங்களை மட்டுமே மீண்டும் எடுக்கலாம் என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. அங்கே சி மைனஸ் பெற்றவருடைய நிலை எஃப் பெற்றவருடையதைவிடச் சிக்கலானது என்பது விந்தைதான். சில இடங்களில் புதிய மதிப்பெண் பழையதை நீக்கிவிட்டு அமரும்; சில இடங்களில் இரண்டும் சராசரியில் சேரும்; ப்ரீ-மேஜர் ஜிபிஏவுக்கென்று துறை வேறொரு கணக்கை வைத்திருப்பதும் உண்டு. எனவே பல்கலைக்கழக விதியையும் துறை விதியையும் தனித்தனியாகப் படியுங்கள். மீண்டும் எடுக்க வழியில்லை என்றால், துறை ஏற்கும் வேறொரு புள்ளியியல் பாடம் உண்டா, விதிவிலக்கு கோரி மனுச் செய்ய முடியுமா என்று, மாணவர்களுக்குப் பாட ஆலோசனை தரும் அட்வைசரிடம் கேளுங்கள். மனுவில் நோய், குடும்பச் சூழல் போன்ற காரணம் இருந்தால் ஆவணத்தோடு சொல்லுங்கள்; பாடம் கடினமாக இருந்தது என்பது காரணமாக ஏற்கப்படாது.

அடுத்த செமஸ்டரில் வேதியியலை ‘பாஸ்/நோ பாஸ்’ முறையில் எடுத்துத் தப்பலாம் என்ற யோசனையும் உங்கள் கடிதத்தில் இருந்தது. அடிப்படைப் பாடங்களுக்கு எழுத்து மதிப்பெண்தான் வேண்டும் என்பது பரவலான விதி என்பதால், அப்படிப் பெறும் பாஸ் மேஜருக்குப் பயன்படாமல் போகக்கூடும்.

கேள்வி: நான் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்கிறேன். வேதியியலில் மதிப்பெண் குறையும் போலிருப்பதால் இடையிலேயே விலகிவிட நினைக்கிறேன். நரம்பறிவியல் கிடைக்காமல் உளவியலுக்கு மாறினால் விசாவில் சிக்கல் வருமா?

பதில்: இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம். எஃப்-1 நிலையில் உள்ள இளநிலை மாணவர் ஒவ்வொரு செமஸ்டரிலும் குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும். ஒரு பாடத்திலிருந்து விலகினால் எண்ணிக்கை அதற்குக் கீழே இறங்கும் என்றால், விலகுவதற்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். மதிப்பெண் குறையுமோ என்ற அச்சம் மட்டுமே அந்த ஒப்புதலுக்குப் போதுமான காரணமாகாது. விட்ட பாடத்தை இணையவழி வகுப்பாக எடுப்பதிலும் வரம்பு உண்டு: முழுநேரப் படிப்புக்கான கணக்கில், ஒரு செமஸ்டரில் ஓர் இணையவழி வகுப்பு, அதிலும் 3 கிரெடிட் வரை மட்டுமே சேரும்.

மேஜர் மாறுவதால் விசா நிலை பாதிக்கப்படாது. ஆனால் மாற்றத்தை அதே அலுவலகத்துக்குத் தெரிவித்து, மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். கவனிக்க வேண்டியது படிப்புக்குப் பிந்தைய காலம். பட்டம் பெற்றபின் 12 மாதம் வேலை செய்ய அனுமதிக்கும் ஓபிடி எல்லாத் துறையினருக்கும் பொது. அதற்குமேல் 24 மாத நீட்டிப்பு, அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டுமே. நரம்பறிவியல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பொது உளவியல் இல்லை. ஆனால் அறிதல் உளவியல், பரிசோதனை உளவியல் போன்ற சில பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் துறை தரும் பட்டம் எந்தப் படிப்பு எண்ணின் கீழ் பதிவாகியிருக்கிறது என்பது ஐ-20 படிவத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஏறக்குறைய ஒரே பாடங்களைப் படித்த இருவர், அந்த எண் வேறுபடுவதால் மட்டும் இரண்டாண்டு வேலை வாய்ப்பில் வேறுபட நேரும். மாறுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

கேள்வி: மகள் மதிப்பெண் விவரம் எதையும் சொல்வதில்லை. துறைக்கு நானே தொலைபேசியில் பேசி அவளுடைய நிலையைத் தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: பொதுவாக முடியாது. 1974-இல் இயற்றப்பட்ட கல்விப் பதிவுகள் குறித்த அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், உயர்கல்வியில் சேர்ந்த மாணவரிடமே அந்த உரிமையை ஒப்படைக்கிறது. உங்கள் மகள் எழுத்துமூலம் இசைவு தந்தால் துறை உங்களோடு பேசலாம். ஆனால் தந்தை ஒருமுறை பேசி ஒரு மாணவரை மேஜராக்கிவிட முடியாது என்பதால், மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, அட்வைசரைப் பார்த்தாயா என்று மட்டும் அவளைக் கேட்டுப்பாருங்கள்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறேன். இங்கேயே அடிப்படைப் பாடங்களை முடித்துவிட்டால் நேராக மேஜராகச் சேர முடியுமா?

பதில்: சில வளாகங்களில் முடியும், வேறு சிலவற்றில், சேர்ந்தபின் அங்கேயே ஒன்றிரண்டு பாடங்களை முடித்துக் காட்ட வேண்டும். உங்கள் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த மாநிலப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு இணையாக ஏற்கப்படுகிறது என்பதை ‘அசிஸ்ட்’ என்ற பொது இணையதளம் காட்டுகிறது. அந்தப் பட்டியலில் இல்லாத புள்ளியியல் பாடத்தை எடுத்துவிட்டுப் பிறகு வாதிடுவது வீண் அலைச்சல்.

கேள்வி: மேஜராக ஏற்கவில்லை என்று மின்னஞ்சல் வந்துவிட்டது. மருத்துவம் படிக்க வேண்டும் என்ற என் எண்ணம் இத்துடன் முடிந்ததா?

பதில்: இல்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் குறிப்பிட்ட மேஜர் எதையும் கட்டாயமாக்குவதில்லை. உயிரியல், வேதியியல், இயற்பியல் போன்ற பாடங்களையும் எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வையும் கேட்கின்றன. அந்தத் தேர்வில் 2015 முதல் உளவியல், சமூகவியல் சார்ந்த ஒரு பகுதியும் இருப்பதால் நீங்கள் படித்த அறிமுக உளவியல் வீணாகவில்லை. மறுவிண்ணப்பம் உண்டா, எத்தனை முறை என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அறிதல் அறிவியல், உயிரியல், மொழியியல், பொது நலவாழ்வு போன்ற அண்டைத் துறைகளில் உங்கள் கிரெடிட்களில் எவை செல்லும் என்று கணக்கிட்டுப் பார்த்து, உளவியலை மைனராக, அதாவது துணைப் பாடமாக, வைத்துக்கொள்ளலாம். ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர மேஜர் தகுதி எல்லாப் பேராசிரியர்களும் கேட்பதன்று. எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எல்லா அடிப்படைப் பாடங்களையும் முடித்து, தேவையான ஜிபிஏவும் இருக்கிறது. இனி மேஜர் என்று தானாகவே மாறிவிடுமா?

பதில்: பெரும்பாலான இடங்களில் மாறாது, நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும். கடைசிப் பாடத்தின் மதிப்பெண் பதிவேட்டில் ஏறிய பிறகே விண்ணப்பத்தை ஏற்பார்கள் என்பதால், அடுத்த பருவத்துக்கான பாடப்பதிவு அதற்குள் தொடங்கிவிடும் வாய்ப்புண்டு; அந்த இடைவெளியில் மேல்நிலைப் பாடங்களுக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்து வையுங்கள். நீங்கள் சேர்ந்த ஆண்டின் விதி பொருந்துமா, விண்ணப்பிக்கும் ஆண்டின் விதி பொருந்துமா என்பதையும் கேளுங்கள். இடையில் ஒரு பாடம் கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். மாற்றம் ஏற்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்த பின்னும், மாணவர் பதிவில் ‘ப்ரீ’ என்ற முன்னொட்டு நீங்கிவிட்டதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள். நீங்காதிருந்தால் பாடப்பதிவு தொடங்கும் நாளுக்கு முன்பே பதிவாளர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.