அட்டவணையில் விடுபட்ட எண்: 293318625600

1915-இல் இராமானுஜன் வெளியிட்ட உயர் பகு எண்களின் அட்டவணையில் இடம்பெறாமல் போன இந்த எண்ணைப் பற்றி டெல்டா வாசகர்கள் கேட்டவற்றுக்குக் கும்பகோணத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் எழுதிய பதில்கள்.

மன்னார்குடி வாசகர்: ஐயா, இந்த எண்ணை எப்படி வாசிப்பது? இதன் சிறப்பு என்ன?

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்குக் காரணிகள் கொண்ட எண்ணையே உயர் பகு எண் என்கிறோம். இதற்கு 5040 காரணிகள் உண்டு. அந்த 5040-உம் ஓர் உயர் பகு எண்ணே என்பது எனக்கு இன்றும் அலுக்காத வேடிக்கை.

திருவையாறு மாணவி: 5040 காரணிகளையும் எழுதித்தான் எண்ண வேண்டுமா, ஐயா?

வேண்டாம், அம்மா. இது 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. அடுக்குகள் இடமிருந்து வலமாக ஏறாமல் இருப்பதைக் கவனியுங்கள். 7-இன் அடுக்கு 5-இன் அடுக்கைவிடப் பெரிதாக இருந்தால், இரண்டையும் இடம் மாற்றி, அதே அளவு காரணிகளோடு சிறியதோர் எண்ணைப் பெற்றுவிடலாம். அப்போது முதல் எண் உயர் பகு எண்ணாக இருக்க முடியாது.

தாளும் பேனாவும் இருந்தால் இதையும் செய்து பாருங்கள்: வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால், 600 − 625 + 318 − 293 = 0. ஆகவே 1001-ஆலும், அதன் காரணிகளான 7, 11, 13 ஆகியவற்றாலும் இது மீதியின்றி வகுபடும்.

நாகப்பட்டினம் வாசகர்: இராமானுஜனே தவறவிட்டார் என்பது உண்மையா?

உண்மைதான். 6746328388800 வரை 102 எண்களைப் பட்டியலிட்ட அவர், இடையில் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். கணிப்பொறி இல்லாத காலத்துக் கைக்கணக்கில் நேர்ந்த விடுபடல் இது. அவருடைய தேற்றங்களுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. அந்த ஆய்வுக்குத்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு இளங்கலைப் பட்டம் அளித்தது. இங்கே காவிரிக் கரைக் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர் அவர் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்வேன்.

மயிலாடுதுறை வாசகர்: இது வர்க்க எண்ணா? மிகை எண்ணா?

வர்க்க எண் அன்று. 2520² × 46189 என்றுதான் பிரியும். மிகை எண்தான்: தன்னை நீக்கிய காரணிகளின் கூட்டுத்தொகை இந்த எண்ணைப்போல் ஏறத்தாழ 4.6 மடங்கு. 1 முதல் 22 வரை எல்லாம் இதை வகுக்கும். 23-இல்தான் முதன்முதலாக மீதி விழும்.

பாபநாசம் விவசாயி: எங்கள் தாத்தா மா, காணி, முந்திரி என்று பங்கு பிரிப்பார். இந்த எண் அந்தக் கணக்குக்கு ஒத்துவருமா?

அருமையாக ஒத்துவரும். இருபதில் ஒன்றான மா 14665931280. எண்பதில் ஒன்றான காணி 3666482820. முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி 916620705. ஆனால் முந்திரியிலும் முந்நூற்றிருபதில் ஒன்றான கீழ்முந்திரிக்கு இறங்கினால் முழு எண் கிடைக்காது. எண்ணில் இருந்த ஆறு இரண்டுகளும் முந்திரியோடு தீர்ந்துவிடுவதால், 916620705 ஒற்றைப்படையாகவே நிற்கும். இரண்டு பங்காளிகள்கூட அதைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள முடியாது.