தலைகீழ் கேள்விகளை நீக்காதீர்கள்

வணக்கம். சிந்தனை நாட்டத்தை, அதாவது யோசிப்பதில் ஒருவருக்கு எவ்வளவு விருப்பம் என்பதை, அளக்கும் 18 கேள்விப் படிவத்தைத் துருக்கி மொழியில் பெயர்த்துக் கொடுத்தபோது, தலைகீழாக மதிப்பெண் போடும் ('ஆம்' என்றால் குறைந்த மதிப்பெண்) 9 கேள்விகள் மட்டும் மற்றவற்றோடு ஒட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டு அவற்றை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால், எல்லாவற்றுக்கும் 'ஆம்' போடுபவரைக் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும்.

முதலில் வினைச்சொற்களைப் பாருங்கள். 'ஹோஷ்லனிரிம்' என்றால் பிடிக்கும், 'ஹோஷ்லன்மம்' என்றால் பிடிக்காது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லில், நடுவே ஒரு சின்ன அசைதான் வித்தியாசம். வேகமாகப் படிப்பவர் கண்ணில் அது படாது. எதிர்மறை விகுதியை விட்டுவிட்டு, 'சலிப்பூட்டுகிறது' போன்ற நேரான வினையால் எழுதிப் பாருங்கள்.

அப்புறம், 'துஷுன்மெக்' என்ற சொல். சிந்திப்பதும் அதுதான், 'கரா கரா துஷுன்மெக்' என்றால் மனம் இருண்டு கவலையில் மூழ்குவது. நம் 'ரொம்ப யோசிக்காதே' மாதிரியே. 'நீண்ட நேரம் யோசிப்பேன்' என்பதைச் சிலர் கவலையாகவே எடுத்துக்கொள்ளலாம். 'ஒரு சிக்கலைத் தீர்க்க' என்று சேர்த்தால் தெளிவாகும்.

திரும்ப ஆங்கிலத்துக்குப் பெயர்த்துப் பார்ப்பதில் இது பிடிபடாது. ஆறேழு பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் என்ன புரிந்தது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எந்தக் கேள்விகள் ஒன்றோடொன்று சேர்கின்றன என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் காரணிப் பகுப்பாய்வெல்லாம் அதற்குப் பிறகு போதும்.