ஐரோப்பிய ஒன்றியத்தில் அடுத்து யார்?

கேள்வி: பிரிட்டன் வெளியேறிய பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்பு குறைந்துவிட்டது என்றும், தகுதியில்லாத ஏழை நாடுகள் மட்டுமே உதவிப் பணத்துக்காக அதன் வாசலில் காத்துக் கிடக்கின்றன என்றும் சொல்கிறார்களே, உண்மையா? அடுத்து அதில் எந்தெந்த நாடுகள் சேரக்கூடும்?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: காத்திருக்கும் நாடுகள் பெரும்பாலும் ஏழை நாடுகள் என்பது சரி. தகுதி பெறாததால்தான் அவை காத்திருக்கின்றன என்பது பாதி உண்மை. ஒன்றியத்தின் தலைநகரங்கள் தங்கள் தாமதத்துக்குச் சமாதானமாகச் சொல்லிவருவதும் இந்தப் பாதி உண்மையைத்தான் என்பதால், மீதிப் பாதியை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேட்பாளர் நாடு, அதாவது சேர விண்ணப்பித்து ஒன்றியம் முறைப்படி ஏற்றுக்கொண்ட நாடு, என்ற நிலையில் இன்று ஒன்பது நாடுகள் இருக்கின்றன. அல்பேனியா, போஸ்னியா-ஹெர்சகோவினா, மாண்டெனெக்ரோ, வட மாசிடோனியா, செர்பியா ஆகியவை பால்கன் பகுதியைச் சேர்ந்தவை, உக்ரைன், மால்டோவா, ஜார்ஜியா மூன்றும் முன்பு சோவியத் யூனியனில் இருந்தவை, ஒன்பதாவது துருக்கி. கொசோவோ 2022 டிசம்பரில் விண்ணப்பித்தும், ஸ்பெயின், கிரீஸ், ருமேனியா, ஸ்லோவாகியா, சைப்ரஸ் ஆகிய ஐந்து உறுப்பு நாடுகள் அதை ஒரு நாடாகவே ஏற்காததால் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. மேற்கு பால்கன் நாடுகளின் எதிர்காலம் ஒன்றியத்துக்குள்தான் என்று 2003-இல் தெசலோனிகி மாநாட்டில் வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கு இதுவரை குரோஷியாவுக்கு மட்டுமே நிறைவேறியிருக்கிறது. 2013 ஜூலை 1 அன்று அது சேர்ந்த பிறகு புதிதாக ஒருவரும் உள்ளே வரவில்லை.

தகுதி மட்டுமே அளவுகோல் என்றால் வட மாசிடோனியாவின் கதை இப்படிப் போயிருக்காது. 2005-இலேயே வேட்பாளர் நாடானது அது. கிரீஸின் வடக்குப் பகுதிக்கும் மாசிடோனியா என்றே பெயர் என்பதால், அந்தப் பெயரை இன்னொரு நாடு சூடிக்கொள்ளக் கூடாது என்று கிரீஸ் பல ஆண்டுகள் வழிமறித்தது. பிரதமர் ஸோரான் ஸாயெவ் ஆட்சிக்கு வந்ததும், தலைநகர் ஸ்கோப்யேயின் விமான நிலையத்துக்குச் சூட்டியிருந்த, கிரீஸ் தன்னவர் என்று உரிமை கொண்டாடும் மகா அலெக்சாந்தரின் பெயரை எடுத்தார். 2018 ஜூன் 17 அன்று, இரு நாடுகளுக்கும் பொதுவான ப்ரெஸ்பா ஏரியில் படகில் வந்து, கிரீஸ் பக்கக் கரையில் உள்ள ஸராடெஸ் என்ற மீனவ கிராமத்தில், கிரேக்கப் பிரதமர் அலெக்சிஸ் சிப்ராஸோடு உடன்பாடு கண்டார். 2019 பிப்ரவரியில் நாட்டின் பெயரே மாறியது. எல்லைச் சாவடியின் பெயர்ப் பலகையைக் கழற்றிப் புதுப் பலகை மாட்டினார்கள். ஒரு நாடு தன் பெயரைக் கொடுத்து வாங்க முயன்ற இடம் இது. இதைவிடப் பெரிய விலையை எந்த வேட்பாளர் நாடும் கொடுத்ததாக நமக்குத் தெரியவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் ஒன்றியத்தில் சேர்வதற்கான பேச்சுவார்த்தை தொடங்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தபோது, பிரான்ஸ் அதிபர் மக்ரோன் மறுத்துவிட்டார். சேர்க்கும் முறையையே முதலில் திருத்த வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அன்றைக்கு ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக இருந்த யுங்கரே இதை வரலாற்றுத் தவறு என்றார். முறையைத் திருத்தி முடித்ததும், 2020 நவம்பரில் பல்கேரியா குறுக்கே வந்தது. மாசிடோனிய மொழி தனி மொழியல்ல, பல்கேரிய மொழியின் வட்டார வழக்கே என்றும், இரு நாடுகளின் வரலாற்றையும் தான் சொல்கிறபடி ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் அது வாதிட்டது. 1992-இல் மாசிடோனியாவைத் தனி நாடாக முதலில் அங்கீகரித்ததே இந்தப் பல்கேரியாதான். 2022-இல் பிரான்ஸ் செய்த சமரசத்தின்படி, அங்கு வாழும் சில ஆயிரம் பல்கேரியர்களை அரசியல் சாசனத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால்தான் அடுத்த கட்டம் என்று முடிவாயிற்று. அதற்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். சலித்துப்போன வாக்காளர்கள் 2024 மே மாதத்தில், அந்தத் திருத்தத்தை எதிர்த்த கட்சியை ஆட்சியில் அமர்த்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

புதிய உறுப்பினரைச் சேர்க்க எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஒன்றிய ஒப்பந்தத்தின் 49-ஆம் பிரிவு சொல்வது நியாயமே. வீட்டுக்குள் ஒருவரைச் சேர்ப்பதற்கு வீட்டிலிருக்கும் எல்லோர் சம்மதமும் வேண்டும் அல்லவா? ஆனால் நீதித்துறை, மீன்வளம், பொதுக் கொள்முதல் என்று பேச்சுவார்த்தையின் ஒவ்வொரு பகுதியைத் திறக்கவும் மூடவும்கூட ஒருமித்த சம்மதம் தேவை என்று வைத்திருக்கிறார்கள். இதனால் அண்டை நாட்டோடு பழைய கணக்கு வைத்திருக்கும் எந்த உறுப்பு நாடும், தகுதிக்குச் சற்றும் தொடர்பில்லாத காரணத்துக்காக வழியை அடைத்துவிட முடிகிறது. இறுதி முடிவுக்கு மட்டும் ஒருமித்த சம்மதத்தை வைத்துக்கொண்டு, இடைப்பட்ட படிகளைப் பெரும்பான்மைக்கு விட வேண்டும் என்ற யோசனை ஜெர்மனி முதலான நாடுகளிடமிருந்து வந்து ஆண்டுகளாகிவிட்டன. அதை ஏற்காமல் புதிய வாக்குறுதிகளை அள்ளி வீசுவது நேர்மையல்ல என்பது நம் கருத்து.

உக்ரைன் விஷயத்திலும் இதையே கண்டோம். ரஷ்யப் படையெடுப்பு தொடங்கிய ஐந்தாம் நாள், 2022 பிப்ரவரி 28 அன்று, விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார் ஸெலென்ஸ்கி. அடுத்த நான்கு மாதத்துக்குள் வேட்பாளர் தகுதி கிடைத்தது. 2023 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் பேச்சுவார்த்தையைத் தொடங்க முடிவெடுத்தபோது, எதிர்ப்புத் தெரிவித்துவந்த ஹங்கேரியப் பிரதமர் ஓர்பான், ஜெர்மன் பிரதமர் ஷோல்ஸின் யோசனைப்படி அறையை விட்டு வெளியே போய் நிற்க, மற்ற 26 பேரும் முடிவெடுத்தார்கள். 2024 ஜூனில் முறைப்படி தொடங்கிய பேச்சு, ஓர்பான் அரசு மறுபடி சம்மதம் தராததால் பேச்சுவார்த்தைப் பகுதிகளின் முதல் தொகுதியைக்கூடத் திறக்க முடியாமல் நின்றது. உக்ரைனோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்த மால்டோவாவும் அதில் சிக்கிக்கொண்டது. உக்ரைனுக்கு ஹங்கேரியைவிடக் கடினமான தடை வயலில் இருக்கிறது. நான்கு கோடி ஹெக்டேருக்கு மேல் விவசாய நிலம் உள்ள நாடு அது. ஒன்றியமோ தன் பட்ஜெட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை விவசாய மானியத்துக்குச் செலவிடுகிறது. உக்ரைனுக்கு உற்ற துணையாக நின்ற போலந்தே, 2023 ஏப்ரலில் தன் விவசாயிகளின் கோபத்துக்கு அஞ்சி உக்ரைன் தானியத்துக்குத் தடை போட்டது. மானியக் கணக்கைத் திருத்தாமல் உக்ரைனைச் சேர்க்க முடியாது. திருத்தினால் இன்று பெறுகிற நாடுகள் பல, நாளை கொடுக்கிற நாடுகளாக மாற வேண்டியிருக்கும்.

துருக்கி 1987-இல் விண்ணப்பித்தது. 2005-இல் தொடங்கிய பேச்சு 2018 முதல் உறைந்து கிடக்கிறது, உருகும் அறிகுறி ஏதும் இல்லை. ஜார்ஜியாவில் 2024 நவம்பரில் அரசே 2028 இறுதிவரை பேச்சு வேண்டாம் என்று அறிவிக்க, மக்கள் பனியிலும் குளிரிலும் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அங்கே கதவை அடைத்தது உள்ளூர் ஆட்சிதான். செர்பியா ரஷ்யா மீதான தடைகளில் சேர மறுக்கிறது, கொசோவோ சிக்கலும் தீரவில்லை.

ஏழைகள் மட்டுமே நிற்கிறார்கள் என்ற வாதத்துக்கு நார்வே பதில் சொல்கிறது. நார்வே மக்கள் 1972-இலும் 1994-இலும் வாக்கெடுப்பில் உறுப்பினர் தகுதியை மறுத்தார்கள். ஆயினும் 1994 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருந்துகொண்டு, ஒன்றியத்தின் சந்தைச் சட்டங்களை, அவற்றை இயற்றும் அவையில் ஒரு வாக்குகூட இல்லாமல், நார்வே தன் சட்டமாக்கிக்கொள்கிறது. வசதி குறைந்த உறுப்பு நாடுகளுக்குப் பணமும் தருகிறது. ஐஸ்லாந்து 2009-இல் விண்ணப்பித்து, பின்பு கைவிட்டது. 2024 டிசம்பரில் பதவியேற்ற கூட்டணி அரசு, பேச்சைத் தொடர்வதா என்று மக்களையே கேட்பதாக உறுதியளித்தது. வெளியேறிய பிரிட்டன்கூட 2024-இல் ஒன்றியத்தின் ஆராய்ச்சித் திட்டத்துக்குத் திரும்பியது, 2025 மே மாதத்தில் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடும் செய்துகொண்டது. மதிப்புக் குறைந்துபோன அமைப்பை நாடி யாரும் இப்படித் திரும்பி வரமாட்டார்கள்.

அடுத்து யார் என்ற கேள்விக்கு நம் பதில் மாண்டெனெக்ரோ. ஆறு லட்சம் சொச்சம் மக்கள் கொண்ட நாடு. யூரோவை ஏற்கெனவே புழங்குகிறது. 2017 முதல் நேட்டோ உறுப்பினர். பேச்சுக்குரிய 33 பகுதிகளையும் 2020-க்குள் திறந்துவிட்டது. 2028-ஐத் தன் இலக்காக வைத்திருக்கிறது. பண்ணை மானியக் கணக்கை அது கலைக்காது என்பதும் அதற்குச் சாதகம். ஆனால் பேச்சு முடிந்தாலும் உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றும் ஒப்புதல் தர வேண்டும். பிரான்ஸின் அரசியல் சாசனப்படி, புதிய உறுப்பினரைச் சேர்ப்பதற்கு நாடாளுமன்றத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு கிடைக்காவிட்டால் பொது வாக்கெடுப்புக்குப் போக வேண்டும். பிரெஞ்சு நாடாளுமன்றம் மாண்டெனெக்ரோ விஷயத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்த பிறகுதான், அல்பேனியா வைத்திருக்கும் 2030 இலக்கை நம்பலாமா என்று உங்களுக்குச் சொல்ல முடியும்.