பகிடி விளங்கவில்லையா, பாட்டு விளங்கவில்லையா?

நையாண்டி றப் பாட்டுகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: கனடா மாப்பிள்ளையின் தகப்பன் குரலில், டொனேஷன் இவ்வளவு, வீடு இவ்வளவு என்று விலைப்பட்டியல் வாசிக்கிற மாதிரி ஒரு றப் பாட்டு வெளியிட்டோம். சீதனத்தை நக்கலடிக்கத்தான் செய்தோம். ஆனால் கொமெண்ட் போட்டவர்களில் பாதிப்பேர், "சீதனம் கேட்கிறதுக்குப் பாட்டு வேறயா?" என்று எங்களையே ஏசுகிறார்கள். எங்கே பிழைத்தது?
– மூன்று நண்பர்கள், வெள்ளவத்தை

பதில்: தொல்காப்பியத்தின் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது: வெளிப்படையாகப் பழிக்கும் செம்பொருள் அங்கதம், பழியை மறைத்து வைக்கும் கரந்த அங்கதம். நீங்கள் எடுத்தது இரண்டாவது வகை. தகப்பன் தன்னைப் புகழ்கிறான், அந்தப் புகழ்ச்சிக்குள்தான் பழி இருக்கிறது. பாடுகிறவர் வேறு, தகப்பன் வேறு என்பது கேட்பவருக்குப் பிடிபட்டால்தான் இது வேலை செய்யும். மேடை நாடகத்தில் வேட்டியும் மீசையும் அதைச் சொல்லிவிடும். பாட்டில் குரல் மட்டும்தான். போதாததற்கு, றப்பில் "நான்" என்றால் பாடுகிறவரே என்று எடுத்துக்கொள்வது வழக்கம், பெருமையடிப்பதும் அந்தக் கலையின் பழக்கம். ஆகவே பெருமைப் பேச்சு மட்டும் நக்கலுக்கு அடையாளம் ஆகாது.

தகப்பன் கேட்கும் தொகை ஊரில் உண்மையாகக் கேட்கப்படும் தொகையாக இருந்தால், அது தரகர் கொண்டுவந்த பட்டியல் போலவே ஒலிக்கும். உண்மையில் தொடங்குங்கள். பிறகு 4 சுற்றுக்கு (தாளத்தில் நான்கு அடி விழுந்தால் ஒரு சுற்று) ஒருமுறை ஒரு படி மேலே போங்கள், ஆனால் தகப்பனின் கணக்கு மாறக்கூடாது. மகனை வளர்த்தது முதலீடு என்பதுதான் அவன் கணக்கு. முதலில் தொடர்மாடி வீடு, அடுத்து கார், அடுத்து சாதாரண தரத்துக்குக் கட்டிய டியூஷன் காசு வட்டியோடு, அதற்கடுத்து பிள்ளை குழந்தையில் குடித்த பால்மா டின் கணக்கு. டின்னுக்கு வரும்போது இது கேலி என்று விளங்காதவர் இருக்கமாட்டார்.

உங்கள் பாட்டில் தகப்பனுக்கு மறுமொழி சொல்ல யாருமில்லை. கடைசி 4 சுற்றைப் பொம்பிளையிடம் கொடுங்கள். "பொருளுக்கு உத்தரவாதம் எத்தனை வருஷம்?" என்று அவள் கேட்டால் போதும், தகப்பன் தானாகவே கீழே இறங்கிவிடுவான்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, துண்டுக் காணொளி. பாட்டை முழுதாகக் கேட்பவரைவிட 15 விநாடித் துண்டைப் பார்ப்பவர் அதிகம். நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் 15 விநாடி என்பது ஆறு சுற்றுக்கும் குறைவு. கடைசியில் வரும் பொம்பிளை அந்தத் துண்டில் இருக்கமாட்டாள். அதனால் எந்த 4 சுற்றை வெட்டி எடுத்தாலும், தொகை உண்மையாக இருக்கும் தொடக்கத்தில்கூட, அதற்குள் நடக்கவே முடியாத ஒரு விடயமாவது இருக்கவேண்டும்.

தலைப்பும் வேலை செய்யட்டும். வேல்ஸின் நியூபோர்ட் நகரத்துக் குழுவான கோல்டி லுக்கின் செயின், 2004இல் "கன்ஸ் டோன்ட் கில் பீப்பிள், றப்பர்ஸ் டூ" என்று ஒரு பாட்டை வெளியிட்டது. துப்பாக்கி ஆதரவாளர்களின் பழைய சுலோகத்தில் ஒரு சொல்லை மாற்றி, எல்லாப் பழியையும் றப் பாடகர்மேல் போடுவதைக் கேலி செய்கிற தலைப்பு அது. பாட்டு தொடங்கமுன்னரே யாரை நோக்கிய நக்கல் என்று தெரிந்துவிடுகிறது. பிரித்தானியத் தரவரிசையில் அது 3ஆம் இடம் வரை போனது. "கனடா மாப்பிள்ளை" என்ற தலைப்பு எந்தப் பக்கமும் சொல்லவில்லை. "மாப்பிள்ளை விலைப்பட்டியல்" என்றால் சொல்லிவிடும்.

ஏசியவர்களைத் திருப்பி நக்கலடிக்க வேண்டாம். சீதனத்தை ஏசுகிறவர்கள் உங்கள் பக்கத்து ஆட்கள். "ஏசவேண்டியது அந்தத் தகப்பனை, நாங்களும் அதைத்தான் செய்தோம்" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

கேள்வி: எந்த வேகத்தில் பீட் எடுப்பது? தமிழ்ச் சொற்கள் பீட்டில் இடிபடுகின்றன. வேகமாகப் பாடினால் ஒருவருக்கும் விளங்கவில்லை.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பகிடிப் பாட்டுக்கு நிமிடத்துக்கு 85 முதல் 95 அடி வரை நல்லது. 90இல் நான்கு அடி கொண்ட ஒரு சுற்று 2.67 விநாடி. 16 சுற்று கொண்ட வேர்ஸ் (கதை சொல்லும் பகுதி) ஏறக்குறைய 43 விநாடி, 8 சுற்று ஹூக் (திரும்பத் திரும்ப வரும் பகுதி) 21 விநாடி. தொடக்கம் 4, வேர்ஸ் 16, ஹூக் 8, வேர்ஸ் 16, ஹூக் 8, முடிவு 4 என்று போட்டால் 56 சுற்று, அதாவது 2 நிமிடம் 29 விநாடி. ஒரு பகிடிக்கு அது தாராளம். முன்னால் 40 விநாடி நாடகப் பேச்சு வைக்கவேண்டாம், முதல் சிரிப்பு 20ஆவது விநாடிக்குள் வந்துவிடவேண்டும்.

ஒரு சுற்றைப் பதினாறாகப் பிரிக்கலாம் என்பதற்காகப் பதினாறையும் நிரப்பக்கூடாது. தமிழுக்கு 10 முதல் 12 அசை (யாப்பு அசை அல்ல, ஓர் உயிரொலிக்கு ஒன்று) வசதி, சிரிப்பு வெடிக்கும் பஞ்ச் வரிக்கு 8 போதும். காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. நெடிலை ஒரு பதினாறாம் பங்குக்குள் அடைத்தால் "வீடு" என்பது "விடு" என்று கேட்கும். இரட்டித்த மெய்க்கு நேரம் கொடுக்காவிட்டால் "பட்டம்" என்பது "படம்" ஆகிவிடும். ட்ரில் என்ற றப் வகையின் பீட்டுக்குரிய 140 வேகத்தில் சொற்களை நெருக்கினால் முதலில் தொலைவது இவை இரண்டும்தான். நெடில் வரும் முக்கியச் சொல்லை அடியின்மேலேயே வையுங்கள், அல்லது அதற்கு இரண்டு பங்கு இடம் விடுங்கள்.

வரி முடிவில் "வந்தான், தந்தான், நின்றான்" என்று வினைமுற்றைக் கட்டிவிட்டு இயைபு என்று நினைக்கிறோம். தமிழில் அது தானாக வரும், அதில் காதுக்கு வியப்பில்லை. வேறு வேறு வகைச் சொற்களை மோதவிடுங்கள்:

வாங்கினது மாப்பிள்ளை
கையில ஒரு பில் இல்லை

முதல் வரி 7 அசை, இரண்டாவது 8. ஒன்று ஒரே சொல், மற்றது இரண்டு சொல் சேர்ந்தது. "மாப்பிள்ளை" வந்த அதே இடத்தில் "பில் இல்லை" விழவேண்டும். அதற்குப் பிறகு அரைச் சுற்று, அதாவது 1.3 விநாடி, குரலே வேண்டாம். சிரிக்க இடம் விடாமல் அடுத்த வரிக்குத் தாவுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை.

பீட் பகிடியாக இருக்கக்கூடாது. குழல் ஊதல், தவளைச் சத்தம், "டொய்ங்" எல்லாம் சேர்த்தால் சிரிக்கும்படி கேட்பவரைக் கெஞ்சுவது போலாகும். 2017இல் லண்டன் நகைச்சுவைக் கலைஞர் மைக்கல் டப்பா "பிக் ஷக்" என்ற பாத்திரமாக, வெக்கையிலும் கோட்டைக் கழற்ற மறுக்கும் ஆளாகப் பாடியது, லண்டன் ட்ரில் குழுவான 67இன் உண்மையான பீட்டில்தான். முகத்தில் சிரிப்பே இல்லாமல் பாடினார், அதுவும் பிரித்தானியாவில் 3ஆம் இடத்துக்குப் போனது. பீட் கறாராக நிற்கும்போதுதான் சொல் சறுக்குவது தெரியும்.

பைலாத் தாளத்தில் பாடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது 6/8. நேர் நாலுக்கு எழுதிய வரிகளை அதில் போட்டால் தள்ளாடும், மூன்று மூன்றாகப் பிரித்துப் புதிதாக எழுதவேண்டும். கேலிக்கு அந்தத் தாளம் புதியதல்ல. இலங்கைப் பொப் பாடகர்கள் அன்றாடப் பேச்சையும் சீண்டலையும் அந்தத் துள்ளலில் எவ்வளவு அழகாகப் பாடினார்கள்! நித்தி கனகரத்தினத்தையும் ஏ.ஈ. மனோகரனையும் ஒருமுறை சொல் சொல்லாகக் கேளுங்கள். ஒரு சொல்லும் விழுங்கப்படவில்லை.

கேள்வி: வீட்டு அறையில்தான் பதிவுசெய்கிறோம். ஹெட்ஃபோனில் நன்றாக இருக்கிறது, ஃபோன் ஸ்பீக்கரில் சொற்கள் அமுங்குகின்றன.
– வாசகி, தெஹிவளை

பதில்: ஃபேனையும் ஏசியையும் நிறுத்தி, கடற்கரைப் பக்கத்து யன்னலை மூடி, இரவு கடைசி ரயில் போன பிறகு பதிவுசெய்யுங்கள். ரயிலின் அடித்தொனியை 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டி ஓரளவு குறைக்கலாம். கடல் இரைச்சல் எல்லா அலைவரிசையிலும் பரவியிருப்பதால் பிறகு பிரிக்கமுடியாது. மைக்குக்குப் பின்னால் அல்ல, பாடுகிறவருக்குப் பின்னால் மெத்தையோ தடித்த போர்வையோ தொங்கவேண்டும். பெரும்பாலான மைக் முன்பக்கத்தைத்தான் கேட்கும், பாடுகிறவருக்குப் பின்னால் உள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் அதற்குள் போகும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம் வையுங்கள். பதிவின் ஒலியளவு உச்சத்தில்கூடக் கழித்தல் 6 டெசிபலைத் தாண்டவேண்டாம்.

ஃபோனில் அமுங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் பேஸ் என்ற தாழ்ந்த ஒலி. சிறிய ஸ்பீக்கரில் 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றுமே கேட்காது, ஆனால் அந்த பேஸ் மாஸ்டரிங் கம்பிரஸரை (கடைசிக் கலவையில் உரத்த ஒலியை இறக்கும் கருவியை) அழுத்திக் குரலையும் சேர்த்து இறக்கிவிடும். பேஸைக் குறைத்து, கொஞ்சம் சாச்சுரேஷன் (இலேசான ஒலிக் கரகரப்பு) கொடுத்தால் அதன் மேல்சுரங்கள் ஃபோனிலும் கேட்கும். அதே வரியை இன்னொரு தடவை பாடி மேலே சேர்க்கும் இரட்டைக் குரலை வரி முழுக்கப் போடாமல் கடைசிச் சொல்லுக்கு மட்டும் போடுங்கள். பஞ்ச் சொல்லுக்கு அதுவும் வேண்டாம், ஒற்றைக் குரல்தான் தெளிவு. மொத்த ஒலியளவு கழித்தல் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு) அளவில் இருந்தால் போதும், அதற்குமேல் ஏற்றினால் யூடியூப் தானே இறக்கிவிடும்.

கேள்வி: பிரபலமான சினிமாப் பாட்டின் மெட்டில் நக்கல் வரி போட்டால் சட்டப் பிரச்சினை வருமா? இணையத்தில் எடுத்த இலவச பீட் பாதுகாப்பானதா?
– வாசகர், வத்தளை

பதில்: அமெரிக்க உயர் நீதிமன்றம் 1994இல், 2 லைவ் க்ரூ என்ற றப் குழு ராய் ஓர்பிசனின் பாட்டைக் கேலி செய்த வழக்கில், பணத்துக்காக வெளியிட்ட கேலிப் பாட்டும் நியாயமான பயன்பாடாக (உரிமையாளரின் அனுமதி தேவையில்லாத பயன்பாடாக) இருக்கலாம் என்றது. ஆனால் மூலப் பாட்டையே கேலி செய்வதையும், மூலப் பாட்டை வண்டியாக்கி வேறொன்றைக் கேலி செய்வதையும் அது பிரித்துப் பார்த்தது. சினிமா மெட்டில் பெற்றோல் விலையைப் பாடினால் நீங்கள் இரண்டாவது வகை, அதற்குப் பாதுகாப்பு குறைவு.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11ஆம் பிரிவு விமர்சனம், கருத்துரை போன்ற நோக்கங்களுக்கு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தைப் பாதிப்பு ஆகிய நான்கையும் பார்க்கும். கேலிப்பாட்டு என்ற சொல் அங்கே இல்லை. பதிவேற்றிய ஒலியைத் தானாக ஒப்பிட்டுப் பார்க்கும் யூடியூபின் கொன்டென்ட் ஐடி இதையெல்லாம் பார்க்காது, மெட்டோ ஒலியோ ஒத்துப்போனால் உரிமைகோரல் விழும். நீங்கள் ஆட்சேபித்தால், கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் இருக்கிறது. பகிடியின் சூடு அதற்குள் ஆறிவிடும். மெட்டைப் புதிதாகப் போடுவதே புத்தி.

"இலவசம்" என்று போட்ட பீட் பெரும்பாலும் காசு உழைக்காத பயன்பாட்டுக்கு மட்டும்தான். காசு கொடுத்து வாங்கிய பொது உரிமம்கூட இன்னும் பலருக்கு விற்கப்பட்டிருக்கும். அத்தகைய பீட்டில் செய்த பாட்டை, இணையத் தளங்களுக்குப் பாட்டு அனுப்பும் விநியோகஸ்தர் மூலம் கொன்டென்ட் ஐடியில் பதியவேண்டாம். அதே பீட் வாங்கிய மற்றவர்களின் பாட்டெல்லாம் உங்கள் பெயரில் பிடிபடும், அவர்கள் பதிந்திருந்தால் உங்களுடையது பிடிபடும். உரிமத் தாளைப் பத்திரப்படுத்துங்கள், ஆட்சேபனைக்கு அதுதான் ஆதாரம்.

இன்னொன்று: சமயத்தைத் தொடும் வரி இருந்தால் வெளியிடமுன்னர் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். 2023 மே மாதத்தில் ஒரு மேடை நகைச்சுவைக் கலைஞர், 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயம்) சட்டத்தின் கீழ் கைதாகிச் சிறையிலும் இருந்தார்.

கேள்வி: மலையகப் பேச்சு, யாழ்ப்பாணப் பேச்சு, மட்டக்களப்புப் பேச்சு எல்லாம் வைத்துச் சிரிப்பு மூட்டலாமா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: அந்தப் பேச்சில் பாத்திரம் புத்தியான பகிடி சொன்னால் தாராளமாக. அந்தப் பேச்சே பகிடி என்றால் கூடாது. சோதிக்க ஒரு வழி உண்டு: வரியை வானொலிச் செய்தித் தமிழில் எழுதிப் பாருங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் பகிடி உங்களுடையது. வராவிட்டால், தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த ஒருவரின் நாக்கைக் காட்டிக் காசு உழைக்கிறீர்கள்.

கேள்வி: வெளியிட்டு ஒரு வாரத்தில் பார்வைகள் நின்றுவிட்டன. பாட்டு தோல்விதானா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: பார்வை எண்ணிக்கையை விட்டுவிட்டு, எத்தனை விநாடி வரை பார்த்தார்கள் என்ற வரைபடத்தைத் திறவுங்கள். முதல் 10 விநாடியில் விழுந்தால் தொடக்கம் நீளம். இரண்டாவது வேர்ஸில் விழுந்தால் பகிடி ஒரே படியில் நிற்கிறது. நடுவில் மேடு இருந்தால் அங்கே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். வரி பிடித்ததாலும் இருக்கலாம், விளங்காததாலும் இருக்கலாம். கொமெண்ட்களில் அந்த வரியைச் சரியாக எழுதியிருந்தால் பிடித்திருக்கிறது. பிழையாக எழுதியிருந்தால் காதில் விழவில்லை.

காதில் விழாத வரிக்குத் தமிழ் உபதலைப்புப் போடுங்கள். ஒரு வரியை ஒரே தடவையில் திரையில் காட்டினால் "மாப்பிள்ளை" என்று பாடும்போதே கண் "பில் இல்லை"க்குப் போய்விடும், சிரிப்பு முன்னமே கசிந்துவிடும். பஞ்ச் சொல்லைத் தனியாகப் பிரித்து, குரல் தொடங்கும் அதே இடத்தில் திரைக்கு வரவிடுங்கள்.