துப்பாக்கிச் சட்டமும் உள்ளூர்த் தீர்மானமும்

கேள்வி: அமெரிக்காவில் சில கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிகள்), 'துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எங்கள் எல்லைக்குள் அமல்படுத்த மாட்டோம்' என்று தீர்மானம் போடுகின்றனவாமே, அது சட்டப்படி செல்லுமா? எங்கள் கிராம சபையில் அப்படி ஒரு தீர்மானம் கொண்டுவர முடியுமா?
- வாசகர் ஒருவர், தொண்டி

பதில்: தீர்மானங்கள் போடுவது உண்மைதான். 2018-இல் இல்லினாய் மாநிலத்தின் எஃபிங்கம் கவுண்டி அப்படியொன்றை நிறைவேற்றியது. 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் வர்ஜீனியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் அதே வழியில் சென்றன. துப்பாக்கி வாங்க வருபவரின் பின்னணியை கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப்தான் விசாரிக்க வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயப்படுத்த முடியாது என 1997-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை இவர்கள் துணைக்கு அழைக்கிறார்கள். ஆனால் அத்தீர்ப்பு மத்திய அரசிடமிருந்து மாநிலங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பே தவிர, மாநிலத்தின் சட்டத்தை அதே மாநிலம் உருவாக்கிய கவுண்டி மீறுவதற்கான அனுமதி அன்று. ஒரேகான் மாநிலத்தின் கொலம்பியா கவுண்டி கொண்டுவந்த இத்தகைய விதியை 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. மத்தியத் துப்பாக்கிச் சட்டங்களைச் செயல்படுத்த உதவும் உள்ளூர்க் காவல் துறைக்கு 50,000 டாலர் அபராதம் விதிக்க வழிசெய்த மிசௌரியின் 2021-ஆம் ஆண்டுச் சட்டமும் 2024-இல் மேல்முறையீட்டில் தோற்றது.

நீதிமன்றத்தில் தோற்றாலும் நடைமுறையில் இவர்களின் பிடி தளர்வதில்லை என்பதே என் கவலை. ஷெரிஃப் மக்கள் வாக்கில் வருபவர். கொலை மிரட்டல் விடுக்கும் கணவனிடமிருந்து துப்பாக்கியைப் பறிமுதல் செய்ய நீதிபதி உத்தரவிட்டும் அவர் வண்டியை எடுக்காவிட்டால், அன்றிரவு அந்த மனைவிக்குச் சட்டம் இருந்தும் இல்லாததுதான். இதை உள்ளூர் உரிமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டில் ஆயுதங்கள் மத்தியப் பட்டியலிலும் காவல் மாநிலப் பட்டியலிலும் உள்ளன. ஊராட்சிகளுக்கென அரசமைப்பு வகுத்த 29 பொருள்களில் இரண்டுமே இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இராமநாதபுரத்தில் உரிமம் வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். தேர்தல் அறிவித்ததும் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெறுகிறார்களே, அதில் ஊராட்சித் தலைவருக்கு எந்த வேலையும் இல்லை. அதிகாரத்தை மீறிய ஊராட்சித் தீர்மானத்தை ரத்து செய்யக்கூடியவரும் அதே ஆட்சியர்தான்.

ஆகவே சட்டத்தைத் தடுக்கும் தீர்மானம் செல்லாது. சட்டத்தை நடத்தக் கேட்கும் தீர்மானத்துக்குத் தடையில்லை. உங்கள் பகுதியில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி நடமாட்டமோ, கடலில் வெடி போட்டு மீன் பிடிப்பதோ இருந்தால், நடவடிக்கை கோரித் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்புங்கள். என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள்.