வாசகர் கேள்வி – பதில்: றங்குப் பெட்டியில் இருந்த உரோம வெள்ளி நாணயம்

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, மலாயாவில் புகையிரதப் பகுதியில் வேலை பார்த்து, ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பிய என் அம்மப்பாவின் றங்குப் பெட்டியை அண்மையில் துப்புரவாக்கினோம். பழைய காணி உறுதிகளுக்கும் பென்சன் கடதாசிகளுக்கும் இடையில் ஒரு சிறிய கடித உறையும் அதனுள் ஒரு வெள்ளி நாணயமும் கிடைத்தன. உறையின் மேல் ஆங்கிலத்தில் ‘மதராஸ், 1936’ என்று மையினால் எழுதப்பட்டிருக்கிறது. நாணயத்தின் ஒரு பக்கத்தில் இலைமாலை சூடி வலப்புறம் நோக்கும் ஓர் ஆணின் தலை உள்ளது. அதைச் சுற்றியுள்ள எழுத்துகள் பெரும்பாலும் தேய்ந்துவிட்டன. மறுபக்கத்தில் ஒரு பெண் ஆசனத்தில் அமர்ந்து ஒரு கையில் நீண்ட கோலும் மறு கையில் ஒரு கிளையும் பிடித்திருக்கிறாள். அவளுக்கு ஒருபுறம் பி, ஓ, என், ரி, ஐ, எஃப் என்றும் மறுபுறம் எம், ஏ, எக்ஸ், ஐ, எம் என்றும் எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. ஆணின் கன்னத்தில் கத்தியால் வெட்டியது போன்ற ஒரு தழும்பும் உண்டு. கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடையில் நிறுத்துப் பார்த்தபோது 3.61 கிராம் இருந்தது. வெள்ளி விலைக்கு எடுக்கலாம் என்றார்கள். இணையத்தில் தேடிப் பார்த்த உறவினர் ஒருவரோ கோடிக்கணக்கில் போகும் என்கிறார். இது என்ன நாணயம்? இதன் பெறுமதி என்ன? உறை செல்லரித்துக் கிடக்கிறது, அதை எறிந்துவிடலாமா?
– வாசகர், உடுவில்

பதில்: உறையை எறிய வேண்டாம். அதற்கான காரணத்தைப் பின்னர் கூறுகிறேன்.

நாணயத்தைக் கையில் எடுத்துப் பாராமல் அது அசல் என்று எவராலும் சான்று தர இயலாது. ஆயினும், நீங்கள் எழுத்து எழுத்தாகக் குறித்து அனுப்பிய விவரத்திலிருந்து அது எந்த வகையைச் சேர்ந்தது என்பதைச் சொல்லிவிடலாம். பெண்ணின் இருபுறமும் உள்ளவை ‘பொந்திஃபெக்ஸ் மக்ஸிமுஸ்’, அதாவது தலைமைப் பூசகர் என்ற பட்டத்தின் சுருக்கமாகும். உரோமப் பேரரசர்கள் தம் பட்டங்களுள் ஒன்றாக இதனையும் தாங்கினர். ஆசனத்தில் அமர்ந்து கோலும் கிளையும் ஏந்திய பெண்ணுருவமும் இந்தப் பட்டமும் ஒன்றாக வருவது, கி.பி. 14 முதல் 37 வரை ஆட்சி செய்த திபேரியஸ் பேரரசரின் ‘தெனாரியஸ்’ என்னும் வெள்ளி நாணயத்தில். அப்பெண்ணைச் சமாதானத்தின் தெய்வம் என்றும், அவ்வடிவில் காட்டப்பட்ட திபேரியஸின் தாயார் லிவியா என்றும் அறிஞர் கூறுவர். இவ்வகை நாணயங்கள் இன்று பிரான்சில் லியோன் எனப்படும் லுக்துனும் நகரின் அக்கசாலையில், அவருடைய ஆட்சிக்காலத்தின் பெரும்பகுதியிலும் ஏறக்குறைய மாற்றமின்றி அடிக்கப்பட்டன.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. அவசரக்காரர் பலர் இதனைக் கவனிப்பதில்லை. திபேரியஸுக்கு முன் ஆண்ட அகஸ்தஸ், தம் வாழ்வின் இறுதியில், கி.பி. 13, 14ஆம் ஆண்டளவில் இதே பெண்ணுருவத்தையும் இதே பட்டத்தையும் கொண்ட தெனாரியஸ்களை வெளியிட்டிருக்கிறார். ஆகவே பின்பக்கத்தை மட்டும் வைத்து ஆளைத் தீர்மானிக்க முடியாது. முன்பக்கத்தில் தேய்ந்து போன எழுத்துகளையும் வாசித்தாக வேண்டும். காலை வெயில் சாய்வாக விழும் யன்னலோரத்தில் நாணயத்தை வைத்து, மெல்லத் திருப்பித் திருப்பிக் கைத்தொலைபேசியில் நெருக்கமாகப் படம் எடுங்கள். நேரே பார்க்கும்போது மறைந்திருக்கும் எழுத்தின் அடிப்பகுதி, நிழல் விழும்போது தெரியவரும். ரி, ஐ என்ற இரண்டெழுத்தும் அதையடுத்துச் ‘சீசர்’ என்ற பெயரும் தென்பட்டால் அது திபேரியஸ். பி, ஏ, ரி, ஈ, ஆர் என்ற வரிசை தென்பட்டால், ‘நாட்டின் தந்தை’ என்ற பட்டத்தைக் கொண்ட அகஸ்தஸ். பின்னது அரிதாகக் கிடைப்பதால் விலையும் கூடியது. இலத்தீன் கல்வெட்டெழுத்தில் ‘யூ’ என்ற ஒலிக்கும் ‘வி’ என்ற வடிவமே எழுதப்படும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். திபேரியஸ்தான் என்று தெளிவானபின், ஆசனத்தின் கால்கள் வெறுமையானவையா, கடைந்து அலங்கரிக்கப்பட்டவையா, அதன் கீழே எத்தனை கோடுகள் உள்ளன என்பனவற்றைப் பார்த்து நாணயவியலாளர் உட்பிரிவு வகுப்பர்.

அடுத்தது எடை. 3.61 கிராம் என்பது நம்பிக்கை தருகிறது. நம்மவர் கணக்கில் சொன்னால் அது அரைப் பவுணுக்கும் சற்றுக் குறைவு. திபேரியஸ் காலத் தெனாரியஸ்கள் தேயாத நிலையில் 3.7, 3.8 கிராம் அளவில் இருந்தன. புழக்கத்தில் தேய்ந்தவை அதற்குச் சற்றுக் கீழே நிற்கும். கி.பி. 64இல் நீரோ மன்னன் நாணயத்தின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் ஒருசேரக் குறைத்தான். அதற்கு முந்திய நாணயங்கள் ஏறக்குறைய தூய வெள்ளி. தமிழகத்தில் கோயம்புத்தூர், கரூர்ப் பகுதிகளில் புதையலாகக் கிடைத்த தெனாரியஸ்களில் அகஸ்தஸ், திபேரியஸ் இருவருடையவையுமே மேலோங்கி நிற்பது, கடல் கடந்து வணிகம் செய்தோர் நல்ல வெள்ளியைத் தேர்ந்து கையாண்டனர் என்பதைக் காட்டுகிறது. நம் தீவைப் பற்றியும் இதையொத்த செய்தி ஒன்று உண்டு. அன்னியுஸ் பிளோகாமுஸ் என்பவரின் அடிமைத்தளை நீங்கிய பணியாள் ஒருவன் அரேபியக் கரையிலிருந்து காற்றில் அடிபட்டு இத்தீவுக்கு வந்து சேர்ந்ததாகவும், அவனிடமிருந்த தெனாரியஸ்களில் வெவ்வேறு பேரரசர்களின் உருவம் இருந்தும் அவை யாவும் ஒரே எடையாக இருந்தமை கண்டு இங்குள்ள மன்னன் உரோமரின் நேர்மையை வியந்ததாகவும், கிளோடியஸ் பேரரசர் காலத்து நிகழ்ச்சியாக உரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். தராசில் இட்டுப் பார்த்த வகையில் உங்கள் நகைக்கடைக்காரரும் அம்மன்னனின் வழியிலேயே சென்றிருக்கிறார். அதற்கு மேல் போகவில்லை என்பதுதான் குறை.

போலியா என்பதே பெரிய கேள்வி. இவ்வகை நாணயத்துக்குப் போலி ஏராளம். அசல் நாணயம் இரண்டு அச்சுகளுக்கிடையே வெள்ளி வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்துச் செய்யப்பட்டது. அதனால் அது முழு வட்டமாக இராது. உருவம் ஓரத்துக்கு விலகியிருக்கும். விளிம்பில் சிறு வெடிப்புகளும் காணப்படும். எழுத்துகள் எவ்வளவு தேய்ந்தாலும் அவற்றின் அடிப்புறம் கூர்மை இழக்காது. வார்ப்பில் செய்த போலியில் விளிம்பைச் சுற்றி அச்சுக்கள் இணைந்த கோடோ, அதை அரத்தால் ராவி மறைத்த அடையாளமோ இருக்கும். மேற்பரப்பில் காற்றுக்குமிழின் நுண்துளைகள் தெரியும். முகமும் எழுத்தும் பாதி கரைந்த சவர்க்காரக் கட்டியின் மேலுள்ள எழுத்துப் போல மழுங்கியிருக்கும்.

நகைக்கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. மில்லிகிராம் காட்டும் தராசில், நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, நீருள் முழுதாக அமிழ்ந்தும் பாத்திரத்தின் அடியில் முட்டாமலும் தொங்கவிட்டு மீண்டும் நிறுக்கச் சொல்லுங்கள். நல்ல வெள்ளியாயின் 3.61 கிராம் நாணயம் நீரில் ஏறத்தாழ 0.35 கிராம் குறைந்து காட்டும். குறைவு 0.40ஐ நெருங்கினால் உள்ளே செம்பு இருக்கிறது என்று கொள்ளலாம். அப்போதும் மனம் தளர வேண்டியதில்லை: செம்பு வில்லைக்கு வெள்ளித் தகடு போர்த்துப் பண்டைக் காலத்திலேயே கள்ள நாணயம் அடித்தவர்கள் உண்டு, அவையும் பழம்பொருள்களே. ஆனால் உரைகல்லில் உரசிப் பார்க்கவோ, விளிம்பை அரத்தால் வெட்டிப் பார்க்கவோ ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள்.

கன்னத்திலுள்ள வெட்டுத் தழும்பு உங்களுக்குக் குறையாகப் பட்டிருக்கலாம். எனக்கு அது ஆர்வமூட்டும் அடையாளமாகவே தோன்றுகிறது. தென்னிந்தியாவில் கிடைத்த உரோம நாணயங்கள் பலவற்றில், பேரரசரின் தலையின் குறுக்கே உளியால் வெட்டிய இத்தகைய கீறல்கள் காணப்படுகின்றன. உள்ளே செம்பு உண்டா என்று சோதிக்க வெட்டினார்களா, பிறநாட்டு மன்னனின் உருவத்தைச் செல்லாததாக்க வெட்டினார்களா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கீறலின் உட்புறமும் நாணயத்தின் மற்றப் பரப்பைப் போலவே கறுத்திருந்தால் அது பழைய வெட்டு. வெள்ளை வெளேரென்று மின்னினால் அண்மையில் யாரோ செய்த வேலை.

இப்போது உறைக்கு வருகிறேன். ‘மதராஸ், 1936’ என்ற அந்த ஒரு வரி மூன்று வகையில் உங்களுக்கு உதவுகிறது. முதலாவதாக, நாணயம் அப்போதிருந்தே உங்கள் குடும்பத்தில் இருந்ததாயின், கடந்த சில பத்தாண்டுகளில் சந்தையை நிறைத்த போலிகளுள் ஒன்றாக அது இருக்க முடியாது. இரண்டாவதாக, தமிழகத்துப் புதையல் ஒன்றிலிருந்து சிதறி மதராஸ் சந்தைக்கு வந்த நாணயமாக அது இருக்கக்கூடும் என்ற ஊகத்துக்கு இடம் தருகிறது. வெட்டுத் தழும்பும் அதனோடு பொருந்துகிறது. மூன்றாவது, சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், இந்நாட்டில் 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள்களாகக் கருதுகிறது. மண்ணிலிருந்து புதிதாக வெளிப்படுபவை அரசுக்குரியவை. உங்கள் நாணயம் இங்கே தோண்டி எடுக்கப்பட்டதன்று என்பதற்கு உங்களிடமுள்ள ஒரே எழுத்துச் சான்று அந்த உறைதான். அம்மப்பாவின் கையெழுத்துள்ள வேறு கடிதம் ஒன்றையும், அவருடைய பிரயாணச் சீட்டோ கடவுச்சீட்டோ இருந்தால் அதனையும் உறையுடன் சேர்த்துப் படமெடுத்து வையுங்கள். செல்லரிப்பு பரவாதிருக்க உறையைத் தனியாக ஒரு கடதாசி மடிப்பில் வையுங்கள்.

விலை. கோடியும் இல்லை, வெள்ளி விலையும் இல்லை. திபேரியஸின் இத்தெனாரியஸ் பழைய நாணயங்களுள் அரிதானதன்று. ஆனால் உரோமப் பேரரசரை இராயன் எனக் குறித்து, ‘இராயனுக்குரியதை இராயனுக்குக் கொடுங்கள்’ என்று இயேசுநாதர் சுட்டிக்காட்டிய நாணயம் இதுவே என்ற மரபு மேலைநாட்டுச் சேகரிப்பாளரிடையே நிலவுவதால், தேவை குறைவதில்லை. சாதாரண உரோமத் தெனாரியஸ் ஒன்றைவிட இதற்கு அவர்கள் கூடுதலாகக் கொடுப்பதும் அதனாலேயே. ஏலங்களில் தேய்ந்தவை நூற்றுச் சொச்சம் அமெரிக்க டொலருக்கும், முகமும் எழுத்தும் தெளிவானவை சில நூறு டொலருக்கும், மிகச் சிறந்தவை ஆயிரத்துக்கு மேலும் போவதுண்டு. நீங்கள் விவரித்தபடி முன்பக்க எழுத்து தேய்ந்து, கன்னத்தில் வெட்டும் உள்ள ஒன்று கீழ்ப்படியிலேயே நிற்கும்; பழைய உறை அதனைச் சற்று மேலே தூக்கலாம். உங்கள் உறவினர் இணையத்தில் கண்டது விற்பவர் கேட்கும் விலையாக இருக்கும். யாரும் எதையும் கேட்கலாம். விற்று முடிந்த ஏலத்தின் பதிவையே நம்ப வேண்டும். விற்பதற்கு முன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறையில் தொல்லியல் கற்பிப்போரிடம் ஒருமுறை காட்டுங்கள். இலங்கையில் கிடைக்கும் உரோம நாணயங்களிற் பெரும்பாலானவை பிற்காலச் செப்புக் காசுகள். முற்கால வெள்ளித் தெனாரியஸ் ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பை அவர்கள் தவறவிடமாட்டார்கள்.

கேள்வி: பழைய வெள்ளி நாணயம் கறுத்துப் போயிருந்தால் திருநீறு போட்டுத் துலக்கலாமா?
– வாசகி, நல்லூர்

பதில்: கூடாது. பூசைப் பாத்திரத்துக்குத் திருநீறும் குத்துவிளக்குக்குப் புளியும் சரியானவை. அவை தேய்ந்தால் மீண்டும் வாங்கலாம். நாணயத்தின் மேலுள்ள கருமை வெள்ளியின் மேற்பரப்பே காலப்போக்கில் அடைந்த மாற்றம். அதைத் தேய்த்து எடுக்கும்போது அதனுடன் சேர்ந்து எழுத்தின் விளிம்பும் போய்விடும். துலக்கிய நாணயத்தைச் சேகரிப்பாளர் கண்டவுடன் ஒதுக்குவர். மண் ஒட்டியிருந்தால் மின்கலத்துக்கு ஊற்றும் வடித்த நீரில் ஊறவைத்து, துடைக்காமல் மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். மிகப் பழைய வெள்ளி நொய்ந்து போயிருக்கும். சீமெந்துத் தரையில் விழுந்தால் இரண்டாக உடைந்ததும் உண்டு. மலிவான பிளாஸ்டிக் உறையிலும் வைக்க வேண்டாம். நாளடைவில் அது பசுமையான பிசினைக் கக்கும்.

கேள்வி: கந்தரோடையில் எங்கள் வாழைத்தோட்டத்தைக் கொத்தும்போது விரல் நகமளவில் பச்சை பிடித்த செப்புக் காசுகள் சில வந்தன. ஒன்றில் ஈட்டியுடன் நிற்கும் வீரன் தெரிகிறான். இவையும் உரோமக் காசுகளா? விற்கலாமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: உரோமக் காசுகளாக இருக்க வாய்ப்பு மிகுதி. கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் சிறு செப்புக் காசுகள் இத்தீவெங்கும் கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்து இங்கேயே அடித்த போலச்செய்த காசுகளும் உண்டு. பின்னவற்றில் எழுத்துகள் வெறும் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் சிதைந்திருக்கும். நீள்சதுரமாக, ஒரு பக்கம் நிற்கும் இலட்சுமியும் மறுபக்கம் சுவஸ்திகமும் கொண்ட தகடு ஏதும் அவற்றுடன் வந்ததா என்று பாருங்கள். கந்தரோடையில் அவையும் கிடைப்பதுண்டு. 1917 முதல் 1919 வரை போல் பீரிஸ் கந்தரோடையில் ஆய்வு செய்தபோதும் உரோமக் காசுகளைக் கண்டெடுத்தார்.

விற்க இயலாது. மேலே சொன்ன சட்டம் உங்களுக்கு நேராகவே பொருந்தும். கண்டெடுத்ததைப் பொலிசுக்கோ பிரதேச செயலகத்துக்கோ தாமதமின்றி அறிவிக்க வேண்டும். சந்தையிலும் இத்தகைய காசுக்குப் பெரிய விலை இல்லை. எந்த ஆழத்தில், எந்த ஓட்டுச் சில்லுகளுடன், தோட்டத்தின் எந்த மூலையில் வந்தது என்பதே ஆய்வாளருக்கு வேண்டியது; ஆகவே அந்த வரம்பை மேலும் கொத்தாமல் ஓர் அடையாளம் நட்டு வையுங்கள்.

கேள்வி: என்னிடமுள்ள பழைய நாணயத்தைக் கனடாவிலுள்ள மருமகனிடம் பயணம் போவோர் ஒருவர் மூலம் கொடுத்தனுப்பி, அங்கே பரிசோதிக்கலாமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்வது குற்றம். பிடிபட்டால் அகப்படுபவர் உங்களுக்காகப் பொதியில் வைத்துக்கொண்டு போன அந்த மனிதர். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றையும் அளவுகோலுடன் படமெடுத்து, எடையையும் குறித்து மருமகனுக்கு அனுப்புங்கள். வகையை அறிய அதுவே பெரும்பாலும் போதும்.