எடை குறைந்தும் கால் குறையாததற்கு

சகோதரி, ஒன்பது கிலோ குறைத்த பிறகும் இடுப்புக்குக் கீழே மட்டும் அப்படியே இருக்கிறது, அழுத்தினால் வலிக்கிறது, எங்கே இடித்தோம் என்றே தெரியாமல் தொடை கன்றிப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 'வாயைக் கட்டுங்கள்' என்று மருத்துவரே சொன்னாராம். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. சாதாரணக் கொழுப்பு இப்படி வலிக்காது.

இது லிப்பெடிமாவாக இருக்கலாம். 1940-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஆலனும் ஹைன்ஸும் விவரித்த, கால்களில் கொழுப்பு வலியோடு சேரும் நோய். பெரும்பாலும் பெண்களுக்கே வரும். பூப்பு, பேறுகாலம், மாதவிடாய் நிற்கும் வயது என்று ஹார்மோன் மாறும்போது தலைகாட்டும். உங்களுக்கும் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகுதானே?

கொலுசு போடும் இடத்தைப் பாருங்கள். இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி கொழுப்பு அங்கே வளையம்போல் மடிந்து நின்று, பாதம் மட்டும் பழையபடியே இருக்கிறதா? மெட்டி இறுகவில்லையா? இரண்டாம் கால்விரலின் அடிப்பகுதியில், மேல்புறத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். லிப்பெடிமாவில் பொதுவாகத் தூக்க வரும். வராவிட்டால் நிணநீர் வடியாமல் தேங்கும் வீக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது. ரத்தநாள நிபுணர் ஒருவர் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அளவெடுத்த அழுத்தக் காலுறையும் நீச்சலும் பலருக்கு வலியைக் குறைக்கின்றன. நீர் பிரியும் மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள், கொழுப்பு அதற்குக் கரையாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அது ரத்தக்கட்டியாக இருக்கலாம்.